பதினேழு வீட்டு அம்பு

மலைகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் அது. அப்படிப் பெயர் வைக்காத ஒரு மலையின் இடுப்பில் ஒரு வேடர் ஊர் இருந்தது. வீடுகள் பதினேழு. பதினெட்டு என்று சொல்கிறவர்கள் ஆட்டுப்பட்டியையும் சேர்த்து எண்ணியவர்கள். நாம் அதைச் சேர்க்க வேண்டாம்.

அந்த ஊரில் பிடவன் என்று ஒரு வேடன் இருந்தான். நல்ல கை. நல்ல கண். வாய்தான் போதாது.

யார் எதைக் கேட்டாலும் அவனால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சொல்ல நினைக்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமுவான். கேட்டவர்கள் அதைச் "சரி" என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்படிச் செருமிச் செருமியே அவன் வீட்டில் மூன்று நாய்க்குட்டிகளும், ஒரு நொண்டி ஆடும், அடி ஓட்டையான ஒரு பானையும் சேர்ந்திருந்தன.

"இன்னும் ஒரு தடவை செருமினால் இந்த மலையையே நம் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள்" என்பாள் அவன் மனைவி எயினி.

பிடவனிடம் ஒரு வில் இருந்தது. மூங்கில் வில். மரல் என்ற செடியின் நாரில் திரித்த நாண். அவன் அப்பன் விட்டுப்போனது. அதுதான் ஊரின் முதல் வில்.

முதல் வில் என்றால் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன். தினை விளையும் காலத்தில் பன்றி இறங்கினால், ஊரில் யார் வேண்டுமானாலும் அம்பு எய்துவிட முடியாது. முதல் அம்பு முதல் வில்லிலிருந்து போய் விலங்கின் உடம்பில் தைக்க வேண்டும். அது தைத்த பிறகுதான் மற்ற வில்கள் வளையலாம். முதல் வில்லின் அம்பு மூன்று தடவை தவறினால், அந்த வில் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பிடவனுக்கு அந்த வில்லைத் தவிரப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாய்க்குட்டிகள் இருந்தன, ஆனால் அவை அவன் கேட்டு வந்தவை அல்ல.

அந்த ஊருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்குப் பங்குக்கட்டு என்று பெயர். வேட்டைக் கறியில் பங்கு வேண்டும் என்கிற வீடு, ஏதாவது ஒரு பொருளை முதல் அம்பில் கட்ட வேண்டும். கட்டிய வீட்டுக்குக் கறி உண்டு. கட்டாத வீட்டுக்கு வாசனை மட்டும்தான்.

பிடவனின் அப்பன் காலத்தில் ஊரில் நான்கு வீடுகள். ஒரு நூல், ஒரு இறகு, ஒரு பாசிமணி, ஒரு மஞ்சள் பூச்சு. அம்புக்கு அது பாரமே இல்லை. வீடுகள் நான்கிலிருந்து பதினேழு ஆயின. அம்பு மட்டும் ஒன்றாகவே இருந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் தினை நன்றாக விளைந்தது. கதிர் தலை சாய்ந்ததும் ஒரு காட்டுப்பன்றி இறங்கியது. பெரிய பன்றி. ஒரு பக்கக் கோரைப்பல் பாதி முறிந்திருந்தது. கூப்பிடாமல் வந்தது. குடும்பத்தோடு வந்தது. வயிறு முட்டத் தின்றது. தின்றுவிட்டு, போதவில்லை என்பதுபோல ஊரை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனது. அதனால் ஊரார் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார்கள்.

"அடேய் பிடவா, முதல் அம்பை எடு!" என்றார் ஊர்த் தலைவர் கோடன்.

பிடவன் ஒரு நல்ல மூங்கில் குச்சியைத் தேர்ந்தான். நெருப்பில் வாட்டி நேராக்கினான். நுனியில் இரும்பு முனை வைத்தான். வாலில் கழுகு இறகு கட்டினான். இரண்டு விரல் மேல் வைத்துப் பார்த்தான். அம்பு அசையாமல் நின்றது.

பிறகு ஊர் வந்தது.

முதல் வீடு சிவப்பு நூல் கட்டியது. இரண்டாம் வீடு நண்டுக் கால் கட்டியது. அடுத்த வீடு முள்ளம்பன்றி முள். அதற்கடுத்த வீடு குழந்தைக்கு இறக்கிய முதல் முடி. ஒரு வீட்டில் கட்ட எதுவும் அகப்படவில்லை. அவர்கள் செம்மண்ணைக் குழைத்து ஒரு பிடி அப்பிவிட்டுப் போனார்கள். தேனெடுக்கும் வீட்டுக்காரர்கள் தேனும் தினைமாவும் பிசைந்து, எலுமிச்சை அளவில் உருட்டி, இலையில் மடித்துக் கட்டினார்கள்.

ஒவ்வொருவரும் "இது என்ன பெரிய பாரமா?" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் பிடவன் தொண்டையைச் செருமினான். "சரி என்கிறான், கட்டு, கட்டு!" என்றார்கள்.

எயினியின் அண்ணன் பூழன் வந்தான். அவனுக்கு அந்த வில்லின் மேல் வெகுநாளாகக் கண். தங்கையைக் கட்டியவனிடமிருந்து வில் போனால் அடுத்ததாகத் தன் வீட்டுக்குத்தான் வரும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அவன் ஆற்றில் எடுத்த துளைக்கல் ஒன்றை நீட்டினான்.

"ராசியான கல், மச்சான். கொஞ்சம் கனம். ராசி என்றால் கனமாகத்தானே இருக்கும்?"

பிடவன் செருமினான். கல் ஏறியது.

கடைசியாகத் தலைவர் கோடன் வந்தார். நெல்லிக்காய் அளவு வெண்கல மணி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். "என் பாட்டன் காலத்து மணி. இது போகிற இடத்தில் வெற்றி தவிர வேறொன்றும் வராது" என்று தானே கட்டினார், நல்ல முடிச்சாகப் போட்டார்.

அம்பு இப்போது விரல் மேல் நிற்கவில்லை. பிடவனின் இரண்டு கையிலும் படுத்துக் கிடந்தது.

எயினி பார்த்தாள். "இதை எய்யப் போகிறீர்களா, பல்லக்கில் வைத்துத் தூக்கப் போகிறீர்களா?"

விடியும் நேரத்தில் எல்லோரும் தினைப்புனத்துக்குப் போனார்கள். சம்பந்தி கல்லெறி தூரத்தில் நின்று மென்றுகொண்டிருந்தது. பிடவன் நாணைக் காதுவரை இழுத்தான். விட்டான்.

அம்பு கிளம்பியது. பறந்தது என்று சொன்னால் பொய். நாலு முழம் போனது, குட்டிக்கரணம் போட்டது, மணி "கிணிங், கிணிங்" என்று இரண்டு தரம் ஒலித்தது, பாதி வழியில் தலைகுப்புற விழுந்தது.

சம்பந்தி தலை தூக்கியது. ஓடப் பார்த்தது. அதற்குள் தேன் வாசனை மூக்கில் ஏறியது. மெதுவாக வந்தது. உருண்டையை இலையோடு தின்றது. நண்டுக் காலைத் தின்றது. மணியை முகர்ந்து பார்த்து ஒரு தட்டுத் தட்டியது. மணி இன்னொரு தரம் ஒலித்தது. சம்பந்தி திருப்தியாகத் தினைக்குள் போய்விட்டது.

பூழன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்ன மச்சான்! அம்பு எய்தாயா, சம்பந்திக்குச் சீர்வரிசை அனுப்பினாயா?"

ஊரே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஊருக்குக் கோபம் வந்தது.

"என் மணி நன்றாகத்தான் ஒலித்தது. கைதான் சரியில்லை" என்றார் கோடன்.

"எங்கள் உருண்டையில் ஒரு குறையும் இல்லை. பன்றியே சொல்லும்" என்றார்கள் தேன் வீட்டார்.

"மண் நன்றாக ஒட்டியிருந்தது" என்றார்கள் மண் அப்பியவர்கள்.

ஆக, அம்பில் இருந்த பொருள் எதன் மேலும் குற்றமில்லை. குற்றம் முழுவதும் பிடவன் மேல் வந்து சேர்ந்தது. ஒரு அம்பு போயிற்று. மிச்சம் இரண்டு.

அன்று மாலை பூழன் வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டது. எயினி போய்ப் பார்த்தாள். சுவரில் ஒரு முளை அடித்துக்கொண்டிருந்தான்.

"எதற்கண்ணா?"

"வீட்டுக்கு ஏதாவது வரும். வந்தால் மாட்ட வேண்டாமா?"

முளை வில்லின் நீளத்துக்குச் சரியான உயரத்தில் இருந்தது. எயினி திரும்பி வந்தாள்.

பிடவனுக்கு அன்று முதன்முதலாகக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தையும் அவனுக்கு வாயால் காட்டத் தெரியாது. "பாரம்தானே கெடுத்தது? பாரமே இல்லாமல் செய்கிறேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

ஓடையோரம் போய் மெல்லிய நாணல் ஒன்றை வெட்டினான். இரும்பு முனைக்குப் பதில் கருவேல முள் வைத்தான். கழுகு இறகுக்குப் பதில் சிட்டுக்குருவி இறகு வைத்தான். ஊதினால் பறந்துவிடும் அம்பு. மறுநாள் விடியற்காலையில், ஊர் எழுவதற்கு முன், யாருக்கும் தெரியாமல் தினைப்புனத்துக்குப் போனான். தெரிந்தால் கட்ட வந்துவிடுவார்கள் அல்லவா?

சம்பந்தி நின்றது. பிடவனைக் கண்டும் ஓடவில்லை. ஏதாவது கொண்டுவந்திருப்பான் என்று பார்ப்பதுபோல நின்றது.

பிடவன் நாணை இழுத்தான். விட்டான்.

"படார்!"

மரக்கிளை ஒடிந்ததுபோல வில் அலறியது. மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் எழுந்தன. நாண் அவன் முன்கையைச் சுளீரென்று அடித்தது. அம்பு பளிச்சென்று போனது; போகும்போதே பாம்புபோல நெளிந்தது; சம்பந்தியின் விலாவில் பட்டது; தைக்காமல் கீழே விழுந்தது. சம்பந்தி அந்த இடத்தை மரத்தில் தேய்த்துச் சொறிந்துகொண்டது. சுகமாக இருந்தது போலும். சொறிந்துவிட்டு, இன்று உருண்டை இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

பிடவன் வில்லைப் பார்த்தான். மேல் பாதியில் மயிரிழை அளவு ஒரு விரிசல்.

கவனியுங்கள். வில்லுக்கு ஒரு வேகம் உண்டு. அம்புக்குத் தக்க கனம் இருந்தால் அந்த வேகத்தை அம்பு வாங்கிக்கொண்டு போய்விடும். அம்பு மிகவும் லேசாக இருந்தால் அதனால் வாங்கிக்கொள்ள முடியாது. வாங்காத வேகத்தை வில் தன் உடம்பிலேயே வாங்கிக்கொள்ளும். பிடவன் இதைக் கேள்விப்பட்டிருந்தான். கோபத்தில் மறந்துவிட்டான்.

சத்தம் கேட்டு ஊர் எழுந்து ஓடிவந்தது. தலைவர் கோடன் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"எங்கள் கட்டு இல்லாமலா எய்தாய்? ஊரைக் கழற்றி வைத்துவிட்டா வேட்டைக்கு வந்தாய்?"

பிடவன் செருமினான்.

"ஆமாம் என்கிறான், பாருங்கள்!" என்றார் கோடன். "இதுவும் கணக்குத்தான். இரண்டு போயிற்று. நாளை மறுநாள் கடைசி அம்பு. எல்லா வீட்டுக் கட்டும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எய்யாமலே வில்லைக் கொடுத்துவிடு."

அன்று பூழன் ஒரு புதுத் துணியும் எடுத்து வைத்தான். வில்லைச் சுற்றிக்கொண்டு போக.

பிடவன் வீட்டுக்கு வந்து விரிசலின் மேல் மான் நரம்பைச் சுற்றி, அரக்கு வைத்து இறுக்கினான். எயினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போது அவள் கேலி செய்யவில்லை.

"கனமாகச் செய்தால் விழுகிறது. லேசாகச் செய்தால் வில் உடைகிறது. நடுவில் எங்கோ ஒரு கனம் இருக்கத்தானே வேண்டும்?" என்றாள்.

"இருக்கும்."

"எங்கே?"

"தெரியவில்லை. வில்லைத்தான் கேட்க வேண்டும்."

"சரி, கேட்போம்" என்றாள் எயினி.

கொல்லையில் ஒரு வாழை குலை தள்ளி முடிந்து நின்றது. அதன் தண்டுதான் குறி. பிடவன் திரும்பவும் மூங்கில் குச்சி, இரும்பு முனை, கழுகு இறகு என்று ஒரு அம்பு செய்தான். எயினி மடி நிறையக் குன்றிமணி கொண்டுவந்தாள். சிவப்பு உடம்பும் கறுப்புக் கண்ணும் உள்ள அந்த விதை ஒவ்வொன்றும் மற்றதன் எடைதான் இருக்கும். அதனால்தான் பொன் நிறுக்கிறவர்கள்கூட அதை வைத்து நிறுத்தார்கள்.

வெறும் அம்பை எய்தான். வில் "கிணுங்" என்றது. அம்பு தண்டில் விரல் ஆழம் போனது.

முனைக்குப் பின்னால் தேன்மெழுகு தடவி மூன்று குன்றிமணி ஒட்டினான். எய்தான். "கிணுங்." கொஞ்சம் குறைந்த கிணுங்.

ஆறு ஒட்டினான். எய்தான். வில் முனகியது. அம்பு இன்னும் ஆழமாகப் போனது.

ஒன்பது. பத்து. பதினொன்று. எயினி விதையை எடுத்துக் கொடுக்க, அவன் ஒட்ட, ஒவ்வொரு தடவையும் வில்லில் காதை வைத்துக் கேட்டார்கள். பன்னிரண்டாவது விதையில் வில் "தும்" என்றது. அவ்வளவுதான். வயிறு நிறைந்த குழந்தை ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம். விரிசல் அசையவில்லை. அம்பு வாழைத் தண்டின் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

பதினைந்து ஒட்டிப் பார்த்தான். வில் அப்போதும் அமைதிதான். ஆனால் அம்பு ஒரு சாண் கீழே இறங்கிவிட்டது.

"பன்னிரண்டு" என்றான் பிடவன்.

"வீடு பதினேழு" என்றாள் எயினி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வீட்டுக்கு ஒரு குன்றிமணி கனம் என்று வைத்தாலும் ஐந்து வீடு வெளியே நிற்கும். அந்த ஐந்து வீடும் சும்மா நிற்காது. வாசலில் வந்து கத்தும்.

எயினி தரையில் கிடந்த மரல் நாரைப் பார்த்தாள். முனையை வைத்துக் கட்டுவதற்காகப் பிடவன் வைத்திருந்த நார்.

"இந்தக் கட்டு எப்படியும் வேண்டும்தானே?"

"வேண்டும். இல்லையென்றால் முனை கழன்றுவிடும்."

"இந்த நாரை நீங்கள் போடாதீர்கள். வீட்டுக்கு ஒரு இழை வாங்குங்கள். பதினேழு இழையையும் திரித்து முனையைக் கட்டுங்கள். எல்லோரும் அம்பில் இருப்பார்கள். அம்புக்கு வேண்டாத ஒன்றும் அம்பில் இருக்காது."

பிடவன் சாண் நீளத்தில் பதினேழு இழை எடுத்து நிறுத்துப் பார்த்தான். ஏழு குன்றிமணி வந்தது. முன்பு போட்டிருந்த கட்டை எடுத்துவிட்டால் அதில் இரண்டு குறையும். பன்னிரண்டுக்கு வேண்டிய மிச்சக் கனத்துக்கு மெழுகு போதும்.

"இதை ஊரிடம் நீ சொல்லிவிடேன்" என்றான்.

"அம்பு யாருடையது?" என்றாள் எயினி. எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் பிடவன் வாசலில் ஒரு கோலைக் கட்டித் தொங்கவிட்டான். கோலின் இரண்டு முனையிலும் இலைத் தொன்னை. ஒரு தொன்னையில் அம்பு இன்னும் தாங்கக்கூடிய கனத்துக்குக் குன்றிமணி. மற்றத் தொன்னை காலி. தான் வாய் திறக்காமல் கோலே பேசிவிடும் என்பது அவன் எண்ணம்.

பெண்கள்தான் முதலில் வந்தார்கள். எயினி விஷயத்தைச் சொன்னதும் இழை கொண்டுவந்து போட்டார்கள். சிவப்பு நூல் வீடு சிவப்பு இழை போட்டது. தேன் வீட்டு இழையில் கொஞ்சம் தேன் ஒட்டியிருந்தது. எயினி துடைத்துவிட்டுப் போட்டாள். மண் அப்பிய வீட்டார் தங்கள் இழையில் துளி செம்மண் தேய்த்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கோல் அசையாத அளவுக்குத் தேய்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பூழன் மறுபடியும் கல்லோடு வந்தான். அவன் பெண்டாட்டி கல்லைப் பிடுங்கிப் புதரில் எறிந்துவிட்டு ஒரு இழையைப் போட்டாள். மெழுகையும் வைத்தார்கள். தொன்னை மெல்ல இறங்கியது. கோல் சமமாக நின்றது.

நின்ற பிறகுதான் கோடன் வந்தார். கையில் மணி.

"இழையா? என் வீடும் ஊர் வீடும் ஒன்றா?" என்று கேட்டு, மணியைத் தூக்கித் தொன்னையில் போட்டார்.

தொன்னை தரையில் மோதியது. மறுபக்கத் தொன்னை மேலே பறந்தது. குன்றிமணி வாசலெங்கும் சிதறியது. கோழிகள் பொறுக்க ஓடிவந்தன. அது விஷம் என்பதால் எயினி முறத்தை எடுத்துக்கொண்டு கோழிகளைத் துரத்தினாள். நாய்க்குட்டிகள் மூன்றும் எயினியைத் துரத்தின.

அமைதியானதும் பிடவன் கோலைக் காட்டினான். இனிச் சொல்ல என்ன இருக்கிறது?

கோடன் கோலை ஒரு கண்ணால் பார்த்தார். "கோல் கோணல்" என்றார்.

பிடவன் தொண்டையைச் செருமினான்.

"சரி என்கிறான்!" என்று கோடன் மணியை எடுத்துக்கொண்டு அம்பின் பக்கம் போனார். முடிச்சுப் போடக் குனிந்தார்.

பிடவன் வில்லைப் பார்த்தான். விரிசலைப் பார்த்தான். பூழன் தோளில் தொங்கிய புதுத் துணியைப் பார்த்தான்.

"இல்லை மாமா" என்றான்.

குரல் மிக மெல்லியதாக வந்தது. கோடன் நிமிர்ந்தார்.

"என்னடா?"

"நான் சரி என்று சொல்லவில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. வேண்டாம் என்றேன். உங்கள் மணி நல்ல மணி. இந்த அம்பு அதைத் தாங்காது. கட்ட வேண்டாம்."

பிடவன் ஒரே மூச்சில் அவ்வளவு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

பூழன் மெதுவாகக் கேட்டான். "மச்சான், அப்படியானால் போன வருஷம் நான் கொடுத்த ஓட்டைப் பானை?"

"அதுவும் வேண்டாம் என்றுதான் செருமினேன்."

கோடனின் முகம் குன்றிமணியைவிடச் சிவந்தது. "என் மணி இல்லாத அம்பு எப்படிப் போகிறது என்று நானும் பார்க்கிறேன். மணி என்னோடுதான் இருக்கும்!" என்று அதைத் தம் இடுப்புக் கச்சையில் கட்டிக்கொண்டு போனார். நடக்க நடக்க அது ஒலித்தது.

கடைசி நாள் விடிந்தது. ஊர் முழுவதும் தினைப்புனத்தில் கூடியது. பூழன் துணியை மடித்து அக்குளில் வைத்திருந்தான். கோடன் எல்லோரையும் விட்டு விலகி, வரப்போரம், மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றார்.

சம்பந்தி வந்தது. ஆனால் தூரத்திலேயே நின்றுகொண்டது. போன தடவை ஒன்றும் கிடைக்காததால் அதற்கு மனக்குறை. அம்பு எட்டாத தூரம். பிடவன் காத்திருந்தான். சம்பந்தி திரும்பிப் போகத் தொடங்கியது.

தூரத்தில் நின்ற கோடனுக்குத் தினைக்கதிரின் சுணைத் தூள் மூக்கில் ஏறியது. தும்மினார்.

"கிணிங், கிணிங்!"

சம்பந்தியின் காதுகள் நிமிர்ந்தன. அந்தச் சத்தம் அதற்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு தேனும் தினைமாவும் வரும். வாலைச் சுருட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டு, நேரே கோடனை நோக்கி ஓடிவந்தது.

கோடன் ஓடினார். ஓட ஓட மணி ஒலித்தது. மணி ஒலிக்க ஒலிக்கச் சம்பந்திக்கு ஆவல் கூடியது. அவர் வரப்பில் ஏறினால் அதுவும் ஏறியது. அவர் இறங்கினால் அதுவும் இறங்கியது. ஊரார் பாதிப் பேர் மரத்தில் ஏறிவிட்டார்கள். பூழன் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்துவிட்டான்.

"பிடவா! அடேய் பிடவா!" என்று கத்தினார் கோடன்.

பன்றியும் தலைவரும் ஒரே கோட்டில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எய்தால் யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. பிடவன் நாணைக் காதுவரை இழுத்து வைத்துக்கொண்டு, மலை எதிரொலிக்க ஒரு கத்துக் கத்தினான்.

"மாமா! அந்தப் பக்கம் போகாதீர்கள்! பாறை மேல் ஏறுங்கள்! ஏறி நில்லுங்கள்! அசையாதீர்கள்!"

கோடன் தம் வாழ்நாளில் யார் சொன்னதையும் கேட்டதில்லை. அன்று கேட்டார். பாறை மேல் தாவினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணி நின்றது. பாறையின் அடியில் சம்பந்தியும் நின்றது. தலையைச் சாய்த்து, உருண்டை எப்போது விழும் என்று மேலே பார்த்தது. அதன் முழு விலாவும் பிடவனைப் பார்த்து இருந்தது.

"தும்."

அவ்வளவுதான் சத்தம். பக்கத்து மரக் கிளிகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்பு நேராகப் போனது. இறகுவரை உள்ளே போனது. சம்பந்தி இரண்டடி வைத்துச் சாய்ந்தது.

பிடவன் முதலில் பன்றியைப் பார்க்கவில்லை. வில்லைத்தான் பார்த்தான். விரிசல் மயிரிழை அளவில்தான் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மரத்திலிருந்து ஊர் இறங்கியது. கறி பங்கு போட உட்கார்ந்தார்கள். அப்போது பூழனுக்குத் துணிச்சல் திரும்பி வந்தது.

"பங்குக்கட்டு இல்லாத வீட்டுக்குக் கறி கிடையாது. தலைவர் மணியும் கட்டவில்லை, இழையும் போடவில்லை. வழக்கம் வழக்கம்தானே?"

கோடன் இடுப்பு மணியைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவர் மனைவி குவளை முன்னால் வந்தாள். "அம்பை எடுத்து இழையை எண்ணு பூழா."

எண்ணினார்கள். பதினேழு இருந்தது. ஆட்டுப்பட்டி இழை போட்டிருக்க முடியாது.

"இவர் மணியைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான்தான் முதல் ஆளாகப் போய்ப் போட்டேன். இவர் தலைப்பாகை ஓரத்தில் உருவினது" என்றாள் குவளை.

கோடன் தலைப்பாகையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "ஆனால் பன்றியைப் பக்கத்தில் கொண்டுவந்தது என் மணிதான்."

அது உண்மை. அதனால் எல்லோரும் பிடவனைப் பார்த்தார்கள்.

பிடவன் தொண்டையைச் செருமினான்.

ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் கேட்டது: "சரியா, வேண்டாமா? வாய் திறந்து சொல்!"

"சரிதான். மணிக்கும் வேலை இருந்தது. அம்பின் மேல் இல்லை, அவ்வளவுதான்" என்றான் பிடவன். எயினி அன்றுதான் சிரித்தாள்.

அந்த வில் பிடவன் வீட்டிலேயே இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து முதல் அம்புக்கு வீட்டுக்கு ஓர் இழைதான். பூழன் வீட்டு முளை வீணாகவில்லை. பிடவன் ஓட்டைப் பானையைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தான். பூழன் அதை அந்த முளையில் மாட்டி வைத்தான்.

ஆகவே கேட்டவர்களே, தாங்கும் அளவைத் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் வருவதை வேண்டாம் என்று வாய் திறந்து சொல்கிறவனே எடுத்த காரியத்தை முடிப்பான்.